பத்தா, பதினைந்தா: இடுப்பில் மறையும் பிஸ்டலைத் தேடிய கதை

"தம்பி, இடுப்புல என்ன கட்டி மாதிரி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா?"

கடையின் கீழ்த்தட்டிலிருந்து 20 பவுண்டு பொன்னி அரிசிப் பையை எடுக்கக் குனிந்திருந்தேன். கேட்டவர் வாரா வாரம் முருங்கைக்காய் வாங்க வரும் அம்மா. சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்தது கட்டி இல்லை, க்ளாக் 19 பிஸ்டலின் பிடி. "செல்போன்மா" என்று சமாளித்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் அதை வாங்கியதே. கட்டிக்கொண்ட மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் ஒரு மளிகைக் கடையில் நான் பாதிப் பங்காளி. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு இருட்டான கார் நிறுத்தத்தைத் தாண்டுவது என் வேலை. அதே வரிசையில் இருந்த இன்னொரு கடைக்காரரை யாரோ துப்பாக்கி முனையில் மடக்கிய பிறகுதான் இந்தப் பேச்சே வீட்டில் எழுந்தது. மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம், "வாங்குறதுன்னா முதல்ல பெட்டகத்தை வாங்குங்க" என்றாள். அப்போது பையனுக்கு எட்டு வயது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அவள் சொன்னதுதான் சரி. விரல்ரேகை வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டகம்தான் முதலில் வீட்டுக்கு வந்தது.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தோன்றும். என் துப்பாக்கியின் 9 எம்எம் தோட்டா இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிறைந்த ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியுடன் வெளியே போகலாம். ஆனால் எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். எனக்கு கிரீன் கார்டு வந்திருந்தது. 4473 என்ற படிவத்தை நிரப்பினேன், கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்குத் தகவல் அனுப்பினார், 'தாமதம்' என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் அனுமதி கிடைத்தது.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் எடுத்தேன். ஒரு நாள் வகுப்பு, விரல்ரேகை, 40 டாலர் கட்டணம். பல மாநிலங்களில் அந்த அட்டை செல்லும், அடுத்த முறை வாங்கும்போது பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 எடுத்தால் தேர்ச்சி. க்ளாக் 19-ஐ வைத்து 236 எடுத்தேன். தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் தப்புக் கணக்குப் போட்டேன். தோட்டாக்களை அடைக்கும் பெட்டியான மேகசினில் 15, குழலின் பின்னே சுடத் தயாராக இருக்கும் அறையில் 1, ஆக 16. பணம் கொடுத்து வாங்குகிறோம், நிறைய இருந்தால் நல்லதுதானே? கடைக்காரப் புத்தி. அரிசியானாலும் தோட்டாவானாலும் மூட்டையாக வாங்கத்தான் கை போகும்.

என் உயரம் ஐந்தடி ஐந்து. எடை 64 கிலோ, அதில் கணிசமான பங்கு தொப்பை. ஹூஸ்டன் வெயிலில் மே முதல் அக்டோபர் வரை மெல்லிய பருத்திச் சட்டைதான் போட முடியும், கோட்டுக்கெல்லாம் வழியில்லை. இந்த உடம்பில், இந்தத் துணிக்குள் துப்பாக்கி மறைய வேண்டும். சட்டைக்கு மேல் அதன் வடிவம் தெரிவதை இங்கே 'பிரிண்டிங்' என்பார்கள். அந்த அம்மா கண்டது அதைத்தான்.

அன்றிரவு மனைவியைச் சோதகராக உட்காரவைத்தேன். குனிந்தேன், மேல்தட்டில் கை நீட்டினேன், காருக்குள் ஏறி இறங்கினேன். "நின்னா தெரியல. கை தூக்கினா லேசா தெரியுது. குனிஞ்சா அப்படியே தெரியுதுங்க." கண்ணாடி முன்னால் பத்து நாள் நின்றும் எனக்குப் பிடிபடாத விஷயம் அந்த ஐந்து நிமிடத்தில் விளங்கியது. குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பேண்டுக்குள் போய்விடுகிறது. தடிமன் உடம்பை உறுத்தும், ஆனால் அவ்வளவாக வெளியே தெரியாது. காட்டிக்கொடுப்பது பெல்ட்டுக்கு மேலே நிற்கும் பிடிதான். மேகசின் இருப்பதும் அந்தப் பிடிக்குள்தான். ஆக, கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ரவுண்டுக்கும், அதாவது தோட்டாவுக்கும், சட்டையைத் தூக்கி நிற்கும் பிடியில்தான் விலை கொடுக்கிறோம்.

கடையை மூடிய பிறகு, கத்தரிக்காய் நிறுக்கும் தராசிலும் வைத்துப் பார்த்தேன். தோட்டா நிரம்பிய க்ளாக் 19 கிட்டத்தட்ட 1.9 பவுண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவனின் இடுப்புக்கு அது நன்றாகவே தெரியும். பெட்டகத்துக்கு மேல் தொங்கிய காலண்டரில், கட்டிக்கொண்டு போன நாட்களில் மட்டும் ஒரு புள்ளி வைத்து வந்தேன். அந்த மாதம் 9 புள்ளி. மீதி நாட்களில் அந்த 16 தோட்டாவும் வீட்டுப் பெட்டகத்திலேயே பத்திரமாக இருந்தன.

கோபத்தில் எதிர்முனைக்கு ஓடினேன். சுடுதளத்தில் க்ளாக் 43-ஐ வாடகைக்கு எடுத்தேன். மேகசினில் 6, அறையில் 1. உயரம் நாலேகால் அங்குலம்தான், 19-ஐவிட ஏறக்குறைய ஒரு விரற்கடை குறைவு. கையில் எடுத்ததும் காதல்தான். சுட்டதும் ஊடல். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை, காற்றில் தொங்குகிறது. துப்பாக்கி லேசாக இருப்பதால் உதைப்பு நேராக உள்ளங்கையில் விழுகிறது. அதே 50 தோட்டாத் தேர்வை மறுபடி சுட்டுப் பார்த்தேன்: 201. தேர்ச்சிதான், ஆனால் 15 கஜத்தில் குறி சிதறிவிட்டது. ஆறு தோட்டா போதுமா போதாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இணையத்தில் அதற்கு முடிவே கிடையாது. ஆறையும் ஒழுங்காகச் சுட முடியாதது என் கவலை.

வகுப்பெடுத்த ஆசிரியர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சின்னதாக ஒரு சரித்திரம் சொன்னார். 1994 முதல் 2004 வரை அமெரிக்கா முழுக்க, பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்யும் மேகசினில் 10 ரவுண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருந்தது. பத்துதான் உச்சம் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று சின்ன பிஸ்டல்களுக்குக் கிராக்கி கூடியது. அப்புறம் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கும் ஒல்லி பிஸ்டல்கள் வந்தன, ஆறு ஏழு ரவுண்டோடு. 2018-இல் சிக் சாவர் பி365 வந்தபோதுதான் கணக்கு மாறியது. அதன் மேகசினில் தோட்டாக்கள் கீழே ஒன்றுக்கொன்று விலகி ஒன்றரை வரிசைபோல் அடங்கி, மேலே போகப்போக ஒற்றை வரிசையாகக் குறுகும். பெட்டியில் தக்காளியை ஒன்றின் இடுக்கில் இன்னொன்றாக அடுக்குவோமே, அதேதான். உயரம் 4.3 அங்குலம், தடிமன் சுமார் ஓர் அங்குலம், உள்ளே 10. மற்ற கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட் 11 ரவுண்டோடு வந்தது, 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு பிளஸ்.

மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். மூன்றுமே நல்லவைதான். என் கைக்கு ஒத்துவந்தது பி365. தேர்வில் 219. மேகசின் அடியில் சின்ன நீட்டிப்புத் தட்டு வைத்தால் சுண்டுவிரலுக்கும் பாதி இடம் கிடைக்கிறது. 12 ரவுண்டு பிடிக்கும் பி365 எக்ஸெல்லையும் பார்த்தேன், சுடுவதற்கு அது இன்னும் சுகம். அரிசிப் பைச் சோதனையில் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். நீள்பிடி மறுபடியும் சட்டையைத் தூக்கியது. இரண்டு ரவுண்டுக்காக அந்த அம்மாவிடம் இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. சின்னதையே வாங்கினேன். உரிம அட்டை இருந்ததால் பின்னணிச் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே கைக்கு வந்தது.

பிஸ்டல் பாதிதான், மீதிப் பாதி ஹோல்ஸ்டரும் பெல்ட்டும் என்று யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. முதலில் வாங்கிய ஹோல்ஸ்டர் மெத்தென்ற துணி. துப்பாக்கியை உருவினால் வாய் மடங்கிக்கொள்ளும். திரும்ப நுழைக்கும்போது அந்த மடிப்பு ட்ரிக்கரில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்டார். அன்றே அது குப்பைக்குப் போனது. இப்போது இருப்பது கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். ட்ரிக்கரை முழுக்க மூடும். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பு, பெல்ட்டில் முட்டிப் பிடியை உடம்புப் பக்கமாகத் திருப்பும். பெயர் 'க்ளா'. இருபது டாலர்கூடப் பெறாத அந்தக் கொம்பு, நான் மாதக்கணக்கில் தேடிய வித்தியாசத்தில் பாதியைக் கொடுத்தது.

இடத்தையும் மாற்றினேன். இடுப்பின் பின்பக்க வலது ஓரத்தில் இருந்ததை முன்பக்கம் கொண்டுவந்தேன். பின்னால் இருந்தால் குனியும்போது முதுகுச் சட்டை இறுகிப் பிடியை அச்செடுக்கும், முன்னால் இருந்தால் சட்டை தொங்கி மறைத்துவிடும். தொப்பை இடிக்கிறது, உண்மைதான். கார் ஓட்டும்போது ஒரு விரற்கடை மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறேன். குழல் எதைப் பார்த்து இருக்கிறது என்பதை நினைத்தால் முதல் வாரம் வேர்த்தது. அதனால் எனக்கு ஒரு வழக்கம்: இடுப்பில் இருக்கும் ஹோல்ஸ்டருக்குள் துப்பாக்கியைச் செருகுவதே இல்லை. வெளியே ஹோல்ஸ்டருக்குள் வைத்து, இரண்டையும் ஒன்றாக பெல்ட்டில் மாட்டுவேன், ஒன்றாகவே கழற்றிப் பெட்டகத்தில் வைப்பேன்.

தோட்டா எண்ணிக்கையில் இன்னும் மனசு ஆறாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பி365-க்கு 12 ரவுண்டு மேகசினும் உண்டு, பிடிக்குக் கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். நான் துப்பாக்கிக்குள் பத்தின் மேகசினைப் போட்டு, பன்னிரண்டை இடது பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறேன். பாக்கெட்டில் இருப்பது நீளமாக இருந்தால் யாருக்கு என்ன? மேகசின் தகராறு செய்தாலும் மாற்று கையில் இருக்கிறது. இடுப்பில் 11, பாக்கெட்டில் 12. இடுப்பில் ஏறும் துப்பாக்கியின் எடை சுமார் 1.4 பவுண்டு. காலண்டரில் போன மாதம் 24 புள்ளி.

மீதி நாட்களுக்குக் காரணம் உண்டு. பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டி கட்டிப் போவேன், வேட்டியில் கைடெக்ஸை எங்கே மாட்டுவது? பள்ளிக்கூடம், தபால் நிலையம், வருமானத்தில் பெரும்பங்கு மதுவிலேயே வருகிறது என்று வாசலில் சிவப்பில் 51 சதவீதப் பலகை மாட்டிய மதுக்கூடம், எதற்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. டிசம்பரில் நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனோம். அங்கே டெக்சாஸ் அட்டை செல்லாது. பத்து ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசின் கூடாது. நான் போட்டிருக்கும் குழிமுனைத் தோட்டாவை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தாலே வம்பு. பத்து நாளும் பிஸ்டல் கேட்டியில் பெட்டகத்தில் இருந்தது. பக்கத்திலேயே க்ளாக் 19-ம். அதை விற்க மனசு வரவில்லை. மாதம் ஒரு தடவை சுடுதளத்துக்குக் கொண்டுபோகிறேன், இன்னமும் அதில்தான் எனக்குக் குறி நன்றாக விழுகிறது.