ஒரே எலிவேட்டர், இரண்டு ஆக்சுவேட்டர்கள்: ஒரு தகுதிச் சோதனையின் அனுபவம்

விமானத்தின் எலிவேட்டர் ஒன்றை (மூக்கை மேலும் கீழும் திருப்ப உதவும் வால்பகுதி மடல்) இரண்டு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர்கள் (எண்ணெய் அழுத்தத்தால் தள்ளவும் இழுக்கவும் செய்யும் கருவிகள்) சேர்ந்து இயக்கும் அமைப்பைத் தகுதிச் சோதனைகளில் தேற வைக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் இருந்தது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒவ்வொரு எலிவேட்டருக்கும் இரண்டு ஆக்சுவேட்டர்கள் இருந்தாலும், வழக்கமாக ஒன்று மட்டுமே வேலை செய்யும். மற்றது அதனுடன் சேர்ந்து நகரும். போயிங் 777 விமானத்திலோ இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளும். நாங்கள் சோதித்தது இந்த இரண்டாவது வகை. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது என்று வரைபடத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நலமாக இருக்கும் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்குமா, கெட்டது வழிவிடுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே எங்கள் நேரத்தின் பெரும்பகுதி கழிந்தது.

முதல் கேள்வி சோதனை தொடங்கிய உடனேயே எழுந்தது. எலிவேட்டர் அசையாமல் நிற்க, கட்டளையும் பூஜ்ஜியத்தில் இருக்க, திரையில் ஒவ்வொரு ஆக்சுவேட்டரிலும் பிஸ்டனின் இருபுறமுள்ள எண்ணெய் அறைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டைக் காட்டும் கோடுகள் மட்டும் ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும், கண்ணாடிப் பிம்பம்போல விலகிச் சென்றன. நிலை உணரிகள் இரண்டும் மிகச் சிறிய அளவில் வேறுபட்ட மதிப்பைக் காட்டியதால், ஒன்று தள்ள, மற்றது இழுக்க, இடையிலிருந்த கட்டமைப்பு முறுக்கை வாங்கிக்கொண்டிருந்தது. மின்னோட்டத்துக்கேற்ப ஆக்சுவேட்டருக்கு எண்ணெயை விடும் சர்வோ வால்வின் இயல்பே இதற்குக் காரணம்: எண்ணெய் ஓட்டம் இல்லாத நிலையில், முழு மின்னோட்டத்தின் சில சதவீதமே கிடைத்தாலும் அது ஏறக்குறைய முழு அழுத்தத்தையும் கொடுத்துவிடும். ஒரு பறத்தலில் இதனால் ஒன்றும் உடையாது என்றாலும், ஆயிரக்கணக்கான பறத்தல்களில் பிணைப்புகளின் உலோகம் சோர்ந்துவிடும். அழுத்த வேறுபாட்டை அளந்து, இரு கட்டளைகளையும் மெதுவாக நெருங்கச் செய்யும் சமன் சுற்றைச் சேர்த்த பின்னரே கோடுகள் ஒன்று சேர்ந்தன. அந்தச் சுற்றுக்குக் குறைந்த அதிகாரமே கொடுத்தோம்; அழுத்த உணரி பழுதானாலும் அது எலிவேட்டரைக் குறிப்பிடத்தக்க அளவு நகர்த்திவிடக் கூடாது.

அடுத்து, ஒரு சர்வோ வால்வை வேண்டுமென்றே ஒரு முனைவரை தள்ளி நிறுத்தினோம். நலமான ஆக்சுவேட்டர் எதிர்த்து நின்றதால் எலிவேட்டர் அதிகம் நகரவில்லை. இரண்டும் சேர்ந்து இயங்கும் வகையின் பெரிய ஆதாயம் இதுதான். கண்காணிப்பு மென்பொருள் பழுதை உணர்ந்து, கெட்ட ஆக்சுவேட்டரை இயக்கத்தில் வைத்திருக்கும் சோலினாய்டின் (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) மின்சாரத்தைத் துண்டித்ததும், அதன் இரு அறைகளும் ஒன்றோடொன்று இணைந்து அது வழிவிட்டது. உணரும் வரம்பை இறுக்கினால் நலமானதே அநாவசியமாக விலக்கப்படும்; தளர்த்தினால் கட்டமைப்பு அடி வாங்கும்.

எங்களை உண்மையில் பாடாய்ப்படுத்தியது குளிர்ச் சோதனைதான். விலக்கப்பட்ட ஆக்சுவேட்டருக்குள் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். இரண்டு ஆக்சுவேட்டர்களுமே செயலிழந்தால், எலிவேட்டர் காற்றில் படபடத்துப் பிய்ந்து போகாமல் தடுப்பது அந்தத் துளை தரும் தடைதான்; அதற்கு அது குறுகலாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் செயலிழந்தாலோ, மற்றது வேகமாக நகர்வதற்கு அதே துளை தாராளமாக வழிவிட வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இரண்டு தேவைகளும் நிறைவேறின. குளிர் அறையில் எண்ணெய் கெட்டியானதும் எலிவேட்டரின் வேகம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. துளையைப் பெரிதாக்கலாம் என்று எழுந்த யோசனை தடையைக் காவு கேட்டது. நீளமான குறுகிய வழிக்குப் பதிலாகக் கூரிய விளிம்புள்ள மெல்லிய துளையை வைத்ததே தீர்வாக அமைந்தது. அத்தகைய துளையின் ஓட்டம் எண்ணெயின் பாகுநிலையை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. எங்கள் குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவரின் யோசனை அது.

பாதுகாப்பு ஆய்வில் கணக்கைக் காட்டினோம். பேரழிவில் முடியும் பழுது 100 கோடிப் பறக்கும் மணிகளுக்கு ஒருமுறைக்கு மேல் நேரக் கூடாது என்பது அளவுகோல். ஒரு ஆக்சுவேட்டர் 1 லட்சம் மணிக்கு ஒருமுறை பழுதாகும் என்று கொண்டால், இரண்டும் ஒரே மணியில் பழுதாகும் வாய்ப்பு 1,000 கோடியில் ஒன்று. ஆய்வாளர்கள் அந்தப் பெருக்கலை ஏற்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக என்னென்ன இருக்கின்றன என்றே கேட்டார்கள். 1989 ஜூலை 19 அன்று ஒரு டிசி-10 விமானத்தின் வால்பகுதி எஞ்சின் விசிறித் தட்டு உடைந்து சிதறியபோது, தனித்தனியான மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருசேரப் பறிபோயின என்பதை அறிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஏ380 விமானத்தில் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளோடு மின்சாரத்தால் இயங்கும் ஆக்சுவேட்டர்களையும் வைத்தது அந்தப் பொதுமையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. எங்கள் அமைப்பில் குழாய்களையும் மின்வடங்களையும் வெவ்வேறு தடங்களில் கொண்டுசென்றிருந்ததை விளக்கினோம்.

பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புதல் கிடைத்தது. ஒன்று செயலிழந்ததை எவரும் கவனிக்காமல் விமானம் நாள்கணக்கில் பறந்துகொண்டிருந்தால், ஒரே மணி என்ற கணக்கே செல்லாது. ஆகவே ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்பு, ஒரு ஆக்சுவேட்டரை விலக்கி, மற்றதை மட்டும் வைத்து எலிவேட்டரை அசைத்துப் பார்த்து, பின்னர் இடம் மாற்றிச் செய்யும் தானியங்கிச் சோதனையை மென்பொருளில் சேர்த்தோம்.