சுத்தியல் வந்த கதை: படுகு பழக ஆரம்பித்து எட்டு மாதம்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது அவர்கள் ஊர்களிலிருந்து, வரும் படுகர்கள். அவர்கள் தாய்மொழி படுகு. இத்தனை வருஷமும் அவர்கள்தான் எனக்காகத் தமிழ் பேசினார்கள். நானும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

போன பெந்தெகொஸ்தே ஞாயிறன்று சர்ச்சில் அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. ‘ஜென்மபாஷை’ என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. அன்றைக்கு எருசலேமில் கூடியிருந்த பல நாட்டுக்காரர்களும் இயேசுவின் சீஷர்கள் பேசியதை அவரவர் ஜென்மபாஷையில், அதாவது தாய்மொழியில், கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் மாறவில்லை. பேசினவர்களின் நாக்குதான் மாறியது. என் கடையில் அப்படியே தலைகீழ். மறுநாளே நோட்டு வாங்கினேன்.

வாத்தியார், பின்வீட்டுப் பாட்டி. படுகில் பாட்டிக்கு ஹெத்தெ. சாயங்காலம் கடை சாத்திவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம். சம்பளம், மாத்திரைப் பட்டையில் எந்த வேளைக்கு எது என்று எழுதிக் கொடுப்பது.

முதல் இரண்டு மாதம் ஜாலி. தமிழ் ‘ப’ பல இடங்களில் ‘ஹ’ ஆகிறது: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பட்டிதான் ஹட்டி. சூத்திரம் கிடைத்த மிதப்பில், “ஹஸ்ஸு வந்துச்சா?” என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாம் மாதம் சறுக்கல். வாய், வளையல், பயிர் மூன்றுமே என் காதுக்கு ஒரே ‘பே’. ஹெத்தெ சொல்லும்போது முதலாவதில் நாக்கு சும்மா கிடக்கிறது, இரண்டாவதில் லேசாக மடிகிறது, மூன்றாவதில் நன்றாகவே சுருள்கிறது. நம்மூர் ‘ழ’ உயிரெழுத்துக்குள்ளேயே புகுந்துகொண்ட மாதிரி. எமனோ என்ற மொழியியலாளர் 1939-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹெத்தெயின் பேரனிடம் கேட்டால், “எல்லாம் ஒண்ணுதாண்ணா” என்கிறான். இளசுகளிடம் இது தேய்ந்துகொண்டு வருகிறது. நோட்டில் மூன்று கலர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். நாக்குக்குக் கலர் தெரியவில்லை.

ஐந்தாம் மாதம், சேதிக்கு ‘சுத்தி’ என்று குறித்துக்கொண்டேன். உச்சரிப்பில் ‘புத்தி’யில் வருவது போல மெத்தென்ற ‘த்தி’. தமிழ் எழுத்தில் அது தெரியாதே! ஒரு வாரம் கழித்து நோட்டைப் பார்த்து அழுத்தமாகக் கேட்டேன். ஹெத்தெ ஒரு நிமிஷம் யோசித்துப் பேரனை உள்ளே அனுப்பினார். அவன் சுத்தியலோடு வந்து நின்றான்.

பிறகுதான் தெரிந்தது: கன்னட எழுத்தில் படுகு மொழியில் அச்சான ஒரு பழைய புத்தகம், மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் 1890-இல் வந்தது. அதன் தலைப்பிலேயே ‘ஒள்ளெய சுத்தி’ இருக்கிறது. ‘நல்ல சேதி’, அதாவது சுவிசேஷம்தான். அந்த மிஷன்காரர்கள் 1846-இல் இங்கே நீலகிரியில் இருக்கும் கேத்திக்கு வந்தவர்கள். பாஷை படித்தார்கள், பிரசங்கம் செய்யத்தான் படித்தார்கள்.

அந்தச் சந்தேகம் ஹெத்தெக்கும் இருந்தது. நேராகவே கேட்டார்: “ஏன் தம்பி, உங்க சர்ச்சுக்கு ஆள் சேக்கவா இதெல்லாம்?”

“இல்லைங்க ஹெத்தெ. நீங்க பேசுறது எனக்குப் புரியணும், அவ்வளவுதான்” என்றேன். பதில் சொல்லாமல் டீயை ஆற்றிக் கொடுத்தார். நம்பினாரா, தெரியாது. நானாக இருந்தாலும் உடனே நம்பியிருக்க மாட்டேன்.

போன வாரம் கடையில் நல்ல கூட்டம். ஹெத்தெ கவுண்ட்டரில் சாய்ந்து, முழங்காலைக் காட்டி, முதல் தடவையாகத் தமிழுக்குத் தாவாமல் படுகிலேயே மளமளவென்று சொன்னார். ‘நோ’ என்றால் வலி என்பது பிடிபட்டது. எப்போதிலிருந்து, படி ஏறும்போதா இறங்கும்போதா என்பதெல்லாம் தவறிவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கொஞ்சமும் சலிக்காமல், வேகத்தைக் குறைத்து, திரும்பவும் படுகிலேயே சொன்னார். பின்னால் நின்றவர்தான் முணுமுணுத்தார்.