முள் ஏறுது, வண்டி ஏறல

ஜூன் 2
12 உர மூட்டையோடு கந்தப்பளை ஏற்றம். மூன்றாவது கியரில் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் சட்டென்று 3000க்குத் தாவியது, என் ஓட்டோ கியர் கெப் வண்டி மட்டும் நடந்து போகிறவன் வேகத்தில். காலை எடுத்து மறுபடி மிதித்தேன், பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே கொன்றுவிட்டான்.

ஜூன் 3
இன்றைக்கு இரண்டு தடவை.

ஜூன் 4
ஓடி வந்த சூட்டோடு கோயில் முன்னால் நிறுத்தினேன், இந்த ஊரில் சமதரை என்றால் அந்த ஒரு இடம்தான். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் பார்க்கில் விட்டு, என்ஜின் ஓட ஓட கியர் பொக்ஸ் ஒயிலின் டிப்ஸ்டிக்கை இழுத்தேன். சூட்டுக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. வெள்ளைத் துணியில் தொட்டு வைத்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் சாயத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. மோந்து பார்த்தேன். தேயிலை ஃபாக்டரியில் தூள் அதிகமாகக் காய்ந்துபோனால் ஒரு வாசம் வருமே, அது, லேசாக. ரோஸ் பால் மாதிரி இருந்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கியர் பொக்ஸுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அது இல்லை. அந்த மட்டில் மாரியம்மா காப்பாற்றினாள். அரை லீட்டர் விட்டேன்.

ராத்திரி ஃபோனில் பேசும்போது கெப் எப்படி என்று மனைவி கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

ஜூன் 5
மழை. பிரசவத்துக்குச் சொன்ன 21க்கு இன்னும் 16 நாள்.

ஜூன் 6
ஒயில் விட்டும் அதே கதை. நுவரெலியாவில் ஒரு கராஜுக்குப் போனேன். மெக்கானிக் பாஸ் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "கிளச் தட்டு எரிஞ்சிருக்கு தம்பி, பொக்ஸ இறக்கணும். மூணு லட்சம், பத்து நாள்." ஒயிலைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்குச் சிரித்தார். மூன்று லட்சம்கூட எங்காவது புரட்டலாம், பத்து நாளை யாரிடம் கடன் கேட்பது?

ஜூன் 8
தூக்கம் வரவில்லை. காலையில் குளிரில் எடுத்தால் ஒன்றும் செய்வதில்லை, சூடேறி, பாரமும் ஏறினால்தான் சறுக்குகிறது. இன்னொன்று, கொஞ்ச நாளாகக் கியர் சீக்கிரமே மாறுகிறது. முன்பெல்லாம் அழுத்தி மிதித்தால் இரண்டாவதிலேயே உறுமிக்கொண்டு நிற்கும், இப்போது வெண்ணெய் மாதிரி மூன்றாவதுக்குப் போய்விடுகிறது. டீசல் பம்ப்பை ரிப்பேர் செய்ததால் வண்டி நன்றாகிவிட்டது என்று நான்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக.

ஜூன் 9
பொகவந்தலாவை போய் வந்தேன். செங்குத்தான ரதல்ல குறுக்கு ரோட்டில் போகவில்லை, சுற்றித்தான். அவள் கால் வீங்கியிருக்கிறது. அத்தை கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கிளம்பும்போது லயத்துக்குப் பக்கத்து மேட்டில் ரிவர்ஸ் எடுத்தேன், முள் ஏறியது, வண்டி ஏறவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

ஜூன் 10
ரிவர்ஸும்.

ஜூன் 11
ரிவர்ஸும்! இதைத்தான் இரண்டு நாளாகப் பயந்து பயந்து நினைத்துக்கொண்டிருந்தேன், இது நல்ல செய்தி என்று இன்றைக்குத்தான் உறைத்தது. முன்னால் போக ஒரு கிளச், பின்னால் போக வேறு கிளச். இரண்டும் ஒரே வாரத்தில் எரியுமா? மச்சானைக் கூப்பிட்டு நாலு சில்லுக்கும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முன்னால் போகும் டி-யில் எக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தேன். ஐந்து செக்கனுக்கு மேல் மிதிக்கக் கூடாது, உள்ளே வெந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு ரிவர்ஸில். கையேட்டில் இருந்ததைவிட இரண்டிலும் முள் ஏறக்குறைய 400 கூடப் போனது. ஒன்றில் மட்டும் கூடினால் அந்தப் பக்கத்துக் கிளச்சைச் சந்தேகப்படலாம், இரண்டிலும் கூடினால் முதலில் ஒயில் பிரஷரைத்தான் பார்க்க வேண்டும். ஒயில் மட்டம் சரி. அப்புறம் பிரஷரைக் குறைப்பது எது?

ஜூன் 12
கேபிள்!!

பம்ப் லீவரிலிருந்து கியர் பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. நான் எவ்வளவு மிதிக்கிறேன் என்பதை அதுதான் பொக்ஸுக்குச் சொல்கிறது. அது தளர்ந்தால், நான் முழுசாக மிதித்தாலும் பொக்ஸ் பாதி மிதி என்று நினைத்துப் பிரஷரைக் குறைத்தே கொடுக்கும், கியரையும் அவசரப்பட்டு மாற்றும். வெண்ணெய் மாதிரி! மச்சானை முழுசாக மிதிக்கச் சொல்லிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கேபிளில் நசுக்கி வைத்திருக்கும் குட்டி மணிக்கும் உறையின் வாய்க்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, என் சுண்டு விரலே போகிறது. மரையெல்லாம் துரு, நடுவில் ஒரு நட்டின் அகலத்துக்கு மட்டும் பளபளவென்று. நட்டு முன்பு இருந்த இடம் அது. பம்ப்பைக் கழற்றியவன் திரும்பப் பூட்டும்போது கண்ட இடத்தில் இறுக்கியிருக்கிறான். பளபளப்புக்கே கொண்டுபோய் இறுக்கினேன், அளவு சரியாக வந்தது. செலவு பூச்சியம், இரண்டு 12 சாவி.

ஜூன் 13
15 லீக்ஸ் மூட்டை, மழை. இழுக்கிறது. பழையபடி உறுமுகிறது, எவ்வளவு அழகான சத்தம்.

ஜூன் 15
ஆனால் மூன்று வாரம் சறுக்கி ஓடிய கிளச்சுக்கு என்ன ஆகியிருக்கும்? அந்த வாசம் மனதை விட்டுப் போகவில்லை. பொக்ஸுக்கு அடியில் இருக்கும் ஒயில் தட்டைக் கழற்றினேன். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை, அது எந்தப் பொக்ஸிலும் இருக்கும். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி, அது இருக்கக் கூடாது. இரும்புத் தூள் இல்லை. ஃபில்டர் மாற்றிப் புது ஒயில் விட்டேன். தட்டைக் கழற்றினால் பாதிகூட வராது, மிச்சத்தில் பெரும்பகுதி என்ஜினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கன்வேட்டருக்குள்ளேயே நிற்கும், ஆகவே பழசும் புதுசும் கலந்துதான் ஓடுகிறது.

கறுப்புப் பொடியைத் துணியில் மடித்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 16
இடுப்பு வலி என்றாள். பொய் வலியாம்.

ஜூன் 17
சும்மாவே எடுத்துக்கொண்டு போய் ஏற்றத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். டீசல் விற்கிற விலைக்கு இது பைத்தியக்காரத்தனம். ஒன்றும் இல்லை.

ஜூன் 19
காலை 4.10க்கு அத்தை ஃபோனில் கூப்பிட்டார். இப்போது டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் இருந்து எழுதுகிறேன், உள்ளே விடவில்லை. வரும் வழியில், தலவாக்கலை தாண்டி, பனியில், ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. 2600.