பாக்டீரியா புராஜெக்ட் யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு

ஐஜெம் (iGEM) என்ற, மாணவர்கள் ஜீன்களை மாற்றிக் கோத்துப் புது வேலை செய்யும் உயிரிகளை உருவாக்கும் போட்டிக்கு யோசனை கேட்டால் எடுத்த எடுப்பிலேயே பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா, புற்றுநோயைக் கொல்லும் பாக்டீரியா என்று போய்விடாதீர்கள், ஒரு கோடை விடுமுறைக்குள் அது முடியாது. 2006இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் இந்தப் போட்டிக்குச் செய்ததைப் பாருங்கள். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் ஆர்சனிக் என்ற நச்சை உணரும் ஸ்விட்ச் ஏற்கெனவே இருக்கிறது: ஒரு புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து ஜீனை அடைத்து வைத்திருக்கும், ஆர்சனிக் வந்து ஒட்டினால் விலகிவிடும். அந்த ஸ்விட்சோடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செரிக்கும் ஜீனைக் கோத்தார்கள், தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அமிலம் உண்டாகி பிஎச் (அமில கார அளவு) இறங்கும், வங்கதேசத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று சோதிக்க இது போதும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு ரொம்பப் பிடித்த புராஜெக்ட் இதுதான். அதனால் முதலில், இயற்கையில் என்ன ஸ்விட்ச் தயாராக இருக்கிறது என்று தேடுங்கள். பாதரசத்துக்கும் ஒன்று உண்டு, யாராவது அதில் தொடங்குங்களேன்.