வான் பாதுகாப்புப் பாடத்தை விநாடிக் கணக்கில் படியுங்கள்

கும்பகோணத்தில் இருந்தபடி ராணுவ அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வுக்கும், அதன்பின் வரும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கும் தயாரானபோது, குறுந்தொலைவு வான் பாதுகாப்பை நான் படித்த முறையைத் தம்பி, தங்கைகளுக்காக எழுதுகிறேன். தோளில் வைத்து ஏவும் இகலா ஏவுகணை, எல்-70, ஷில்கா விமான எதிர்ப்புப் பீரங்கிகள் என்று ஆயுதப் பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் எதிரி வருவது எத்தனை விநாடிக்கு முன் தெரியும், அந்த விநாடிகள் எங்கே செலவாகின்றன என்ற இரு கேள்விகளே இப்பாடத்தின் உயிர்நாடி. தஞ்சாவூர்த் தளத்துக்கு 2020இல் வந்த சுகோய்-30 வயல்களுக்கு மேல் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புரியும்.

முதல் கேள்விக்குத் தாளும் பேனாவும் போதும். ஆன்டெனாவின் உயரம், இலக்கின் உயரம் ஆகியவற்றை மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12ஆல் பெருக்கினால், ரேடாரின் பார்வை எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். டெல்டாவைப் போன்ற சமவெளியிலும் பூமியின் வளைவு மறைக்கும் என்பதால், 4 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு, 25 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் போர் விமானம் சுமார் 29 கி.மீ. தொலைவில்தான் தென்படும், கையில் இருப்பது 115 விநாடி. அதே ஆன்டெனாவைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சி உயரத்தில், ஏறத்தாழ 66 மீட்டரில், வைத்ததாகக் கணக்கிட்டால் 54 கி.மீ., 216 விநாடி. நேத்ரா போன்ற ரேடார் விமானங்கள் ஏன் தேவை என்பதை இக்கணக்கே சொல்லிவிடும்.

இரண்டாம் கேள்விக்குக் கூடுதல் உழைப்பைக் கொடுங்கள். நிமிடத்துக்கு 15 முறை சுழலும் ரேடார் மூன்று சுற்றில் தடத்தை உறுதி செய்தால் 12 விநாடி போய்விடும். பிறகு அது நம்முடையதா என்று அடையாளம் காண வேண்டும், எந்தப் பிரிவு சுடுவது என்று முடிவெடுக்க வேண்டும், கட்டளை போய்ச் சேர வேண்டும். இகலா எட்டுவது சுமார் 5 கி.மீ. என்பதால், இலக்கு அந்த எல்லைக்குள் நுழையும்போது மீதம் 20 விநாடிதான். வாய்மொழியாகச் சொல்லி, வரைபடத்தில் கையால் குறிக்கும் முறைக்கு இந்த அவகாசம் போதாது. இதனால்தான் தரைப்படை, விமானப்படை ரேடார்களின் தகவலை ஒரே படமாக்கும் ஆகாஷ்தீர் அமைப்புக்கு 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

குழு விவாதத்தில் பலர் வேகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று புத்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் நம் ஏவுகணையாலேயே வீழ்ந்து, அதிலிருந்த 6 வீரர்களும் தரையில் ஒருவரும் உயிரிழந்ததை அவசியம் படியுங்கள். தடையின்றிச் சுடலாம், எதிரி என்று உறுதியானால் மட்டும் சுடலாம், சுடவே கூடாது என்ற கட்டுப்பாட்டு நிலைகளைக் கட்டளை மையம் ஏன் தன் கையில் வைத்திருக்கிறது என்பதை அந்த நிகழ்வோடு சேர்த்து விளக்கப் பழகுங்கள். எஸ்.எஸ்.பி.யில் தனியாகப் பேசும் சிற்றுரையான லெக்சரெட்டில் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.