மன்னரின் தோல் மேலங்கி

காலையிலிருந்து ஒரு படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் உள்ள மேலங்கி. மூஸ் மான் தோல், வெளிறிய மஞ்சள். குண்டு துளைத்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

1632 நவம்பரில், முப்பதாண்டுப் போரின்போது, ஜெர்மனியின் லூட்சன் போர்க்களத்தில் சாகும்போது ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் போட்டிருந்தது இதைத்தான்.

இரும்புக் கவசம் ஏன் போடவில்லை?

1627-ல் பட்ட குண்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ளேயே தங்கிவிட்டது. கவசத்தின் கனத்தை அந்த இடம் தாங்காது.

எதிரிகள் அங்கியை உருவி வியன்னாவுக்கு அனுப்பினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் செய்த உதவிக்கு ஆஸ்திரியாவின் நன்றியாக, 1920-ல்தான் அது ஊர் திரும்பியது.

பதினாறு வயதில் அரியணை ஏறியவர். உப்சாலா பல்கலைக்கழகத்துக்குத் தன் பரம்பரை நிலங்களையே எழுதிக் கொடுத்தவர். புராட்டஸ்டன்ட் உலகம் அவரை 'வடக்கின் சிங்கம்' என்று கொண்டாடியது. நானும் அந்த வியப்போடுதான் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் பிக்தியோ என்ற வட ஸ்வீடன் ஊரின் கணக்கைப் படித்தபிறகு மனசு ஆறவே இல்லை.

1621-க்கும் 1639-க்கும் இடையில் அங்கிருந்து போருக்குப் போனவர்கள் 230 பேர். செத்தவர்கள் 215. ஊனத்தோடு திரும்பியவர்கள் 5.

மன்னர் போனபின்பும் போர் நிற்கவில்லை, ஆள்பிடிப்பும் நிற்கவில்லை. கடைசியில் அந்த ஊரிலிருந்து இழுத்துப்போனவர்களில் பலர் பதினைந்து வயதுப் பையன்கள்.