நாற்பது பக்க நோட்டு

குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி அந்த வீடு. அவருக்கு வாய்ப் புற்று. நாக்கு வரை பரவி, பேச்சு நின்றுபோயிருந்தது. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் விரலால் காட்டச் சொல்வேன். காட்டுவார். காட்டிவிட்டு என் கையிலிருக்கும் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை போனபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் போகிற வழியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போய் வலி தணிப்பு சிகிச்சை பார்க்கிற நர்ஸ் நான். பதினொரு வருடமாகிறது. புண்ணைக் கழுவிக் கட்டுவோம். நாற்றம் குறைய மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை தவறக் கூடாது என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து கொடுப்போம். இதெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். 'இரவு தூங்கினார். வலி 3.' தூங்கப் போகும் முன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எதையோ சொல்லப் பார்த்தாரே, அதை எந்தக் கட்டத்தில் எழுத?

அதற்குத்தான் எனக்கென்று தனியாக ஒரு நோட்டு. 2017 நவம்பர் 30-ல் ஓக்கி புயல் அடித்த பிறகு தொடங்கியது. கடற்கரை ஊர் ஒன்றில் நான் கவனித்து வந்த ஓர் அம்மா, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுடைய போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அழுகையாக வந்தது. மறுநாள் அதே வீட்டுக்குப் போய், அவசரப்படாமல் அவர் பக்கத்தில் உட்கார முடிந்தது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். 1986-ல் வெளியானது. கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை உலுக்கிய ஒரு சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துப்போகும் என்பதும் அதிலேயே இருக்கிறது. என் அனுபவமும் அதுதான். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அதனால் யாரையும் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். பேனாவை வைத்துவிட்டு வருவேன், எடுத்தால் எடுக்கட்டும். நோட்டு எந்தக் காலத்திலும் மார்ஃபினுக்கு மாற்று ஆகாது. வலி அடங்கினால்தான் கை எழுதும்.

நர்ஸுக்கு எதற்குக் கதை என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த சோமர்வெல் டாக்டர் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர், நன்றாக ஓவியமும் வரைவார். கத்தி பிடித்த கை தூரிகையும் பிடித்தது.

ஒரு தப்பும் செய்தேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதியதைப் பெயரை மட்டும் மாற்றி வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். அது சுற்றிச் சுற்றி அவர் மகளிடமே போய்ச் சேர்ந்தது. "எக்கா, ரீசார்ஜ் விஷயம் எங்க வீட்டுக்குள்ள உள்ளதுல்லா" என்றாள். சண்டை போடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவளிடம் கேட்டு, அவள் சரி சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். கேட்காமல் எழுதுவது எல்லாம் என் நோட்டோடு நின்றுவிடும்.

சரி, குலசேகரத்துக்காரருக்கு வருகிறேன். அவர் நோயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. முழுக்க ரப்பர் வெட்டுதான். விடிவதற்கு முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவது. வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பது. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது என்பது. சிரட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பது. ஒரு பக்கத்தில் வெட்டின் சரிவைக் கோடாகப் போட்டே காட்டியிருந்தார். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து எழுதுவார் என்று மனைவி சொன்னார். இருபத்தி மூன்று பக்கம் எழுதினார்.

அவர் போய்ப் பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. கட்டன் சாயாவைக் கையில் தந்துவிட்டு, நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "படி மக்ளே."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், 'மொத்தம் 312 மரம்' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"முன்னூத்திப் பத்துதான். ரெண்டு மரம் ஓக்கியில விழுந்துட்டுல்லா."

திருத்தட்டுமா என்று பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம். அவருக்கு நிக்கட்டும்" என்றார். அப்புறம், அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.